விலைவாசி ஏறுது… பவுன் காப்பாற்றுமா, கம்ப்யூட்டர் கம்பெனி காப்பாற்றுமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம்ம அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்குக் காலையில் போகும் பழக்கம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? அங்கே அன்றைய காய்கறி விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. பிறகு இறங்கிவிட்டது. அது பணவீக்கம் அல்ல, மழையும் வரத்தும் செய்த வேலை. ரவுண்டானா பக்கத்து டீக்கடையைப் பாருங்கள். ஒரு தடவை டீ விலை ஏறினால் அது இறங்கியதாக யாராவது கேள்விப்பட்டதுண்டா? வீட்டு வாடகை, பஸ் சார்ஜ், ஆஸ்பத்திரிச் செலவு, காலேஜ் பீஸ், எல்லாம் அப்படித்தான். இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் இந்த ஏற்றத்துக்குத்தான் பணவீக்கம் என்று பேர். பொருள் பெரிதாகவில்லை, நம் ரூபாய்தான் சின்னதாகிறது.

எவ்வளவு சின்னதாகிறது? கால்குலேட்டர் எடுங்கள். வருஷத்துக்கு 6 சதவீதம் விலை ஏறினால், இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் சாமான் 12 வருஷத்தில் 200 ரூபாய். அதாவது பீரோவில் துணிக்கடியில் மடித்து வைத்த நோட்டில் பாதியை யாரும் தொடாமலே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! பேங்கில் 7 சதவீதத்துக்கு டெபாசிட் போட்டாலும் உண்மையில் மிஞ்சுவது ஒரு சதவீதம்தான். 2016 முதல் ரிசர்வ் பேங்குக்கு அரசு கொடுத்திருக்கும் இலக்கே 4 சதவீதம், மேலே கீழே 2 போகலாம் என்பதுதான். விலைவாசி ஏறக்கூடாது என்று யாரும் இலக்கு வைக்கவில்லை, மெதுவாக ஏறட்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் மெக்கானிக்கல் படிப்பவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். அப்பா செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறார். அம்மா வீட்டு வாசலில் இட்லி போடுகிறார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அம்மாவின் மூன்று பவுன் செயின் பேங்கில் அடகுக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன தீபாவளிக்குப் பிறகு எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து, "அந்தச் செயினை மீட்டு வித்துப்போடுங்க. கடன் போக மீதியை ஏஐ டிரேடிங்குல போடலாம். இனிமே காலம் டெக்னாலஜி காலமுங்க" என்றார். அம்மா, "தங்கம் ஏறிக்கிட்டே போறப்ப யாராச்சும் விப்பாங்களா?" என்றார். அப்பா என் பக்கம் திரும்பி, "நீதான் படிச்சவனாச்சே கண்ணு, நீயே சொல்லு" என்றார். அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மில் பல பேர் வீட்டில் இதே கேள்வி இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பவுன். இந்தச் சொல்லே நம்முடையது இல்லை! இங்கிலாந்தின் ஒரு பவுண்டு தங்க நாணயத்துக்கு சாவரின் என்று பெயர். அதன் எடை ஏறக்குறைய 8 கிராம், 22 காரட். பவுண்டு நமக்குப் பவுன் ஆயிற்று, சாவரின் சவரன் ஆயிற்று. வெள்ளைக்காரன் போய், அந்த நாணயமும் புழக்கத்தில் இல்லாமல் போய், எடை மட்டும் நம் கல்யாணப் பேச்சில் நிலைத்துவிட்டது.

சேலத்தில் தங்கம் என்ன விலை என்பதைச் சேலத்தில் யாரும் தீர்மானிப்பதில்லை. வெளிநாட்டில் அவுன்ஸ் கணக்கில் டாலரில் விலை. ஓர் அவுன்ஸ் 31.1 கிராம். கணக்குக்கு எளிதாக அவுன்ஸ் 3,110 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கிராம் 100 டாலர். டாலர் 80 ரூபாய் என்றால் கிராம் 8,000. அதே தங்கம், அதே டாலர் விலை, ஆனால் டாலர் 90 ரூபாய் ஆகிவிட்டால் கிராம் 9,000! தங்கம் அசையவே இல்லை, ரூபாய்தான் வழுக்கியது. இதற்கு மேல் சுங்க வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோது ஒரே நாளில் விலை சரிந்ததைப் பார்த்தோம். ஆக, நம் ஊரில் தங்கம் வாங்குகிறவர் தங்கத்தின் மேல் மட்டும் பணம் கட்டவில்லை, ரூபாய் இறங்கும் என்பதன் மேலும் கட்டுகிறார். 1991 ஜூன் வரை 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது. எங்க அப்பாயி பொருளாதாரம் படிக்கவில்லை, ஆனால் கையில் நாலு காசு சேர்ந்தால் தோடு வாங்கிப் போட்டார். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

1991 என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாம் மட்டுமா அடகு வைக்கிறோம்? நம் நாடே வைத்தது! பெட்ரோல் முதலான இறக்குமதிக்கு டாலர் இல்லாமல் போனபோது, அந்த வருஷம் மே மாதம் அரசின் 20 டன் தங்கம் ஸ்டேட் பேங்க் மூலம் சுவிட்சர்லாந்து பேங்க் ஒன்றுக்குப் போனது, திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தோடு. ஜூலையில் ரிசர்வ் பேங்க் சுமார் 47 டன்னை இங்கிலாந்து மத்திய பேங்கில் வைத்து, 40 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே கடன் வாங்கியது. அந்தக் கடனை அதே வருஷமே அடைத்துவிட்டார்கள். 2009ல் அதே ரிசர்வ் பேங்க் சர்வதேச நிதியத்திடம் 200 டன் விலைக்கு வாங்கியது. கஷ்டத்தில் அடகு, கை நிமிர்ந்ததும் மீட்பு, அப்புறம் கூடக் கொஞ்சம் வாங்கிப் போடுதல். எந்தக் குடும்பஸ்தனும் இதைத்தானே செய்வான்?

இவ்வளவு பெருமையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும்.

தங்கம் எப்போதும் ஏறும் என்பது உண்மையில்லை. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. 1999ல் 250 டாலர் அளவுக்கு வந்து நின்றது. பழைய 850ஐ மறுபடி பார்க்க 2008 ஆயிற்று. 28 வருஷம்! ரூபாய் மதிப்பு இறங்கியதால் நமக்கு அடி இவ்வளவு பலமாகப் படவில்லை, அவ்வளவுதான். ரூபாயிலேயே பார்த்தாலும் 2012ல் 10 கிராம் சராசரி 31,000 ரூபாய் அளவில் இருந்தது. 2015ல் 26,000 அளவு. 2018ல்தான் மறுபடி 31,000. அந்த ஆறு வருஷத்தில் அரிசி, பீஸ், வாடகை எதுவும் நிற்கவில்லை. 2012ல் வாங்கி 2015ல் மகன் படிப்புக்காக விற்றவரிடம் போய் "தங்கம் காப்பாற்றும்" என்று சொல்லிப் பாருங்கள்! அதே தங்கம் 2025ல் பவுன் 60,000, 70,000, 80,000, 90,000 என்று ஒரே வருஷத்தில் படியேறியது. இரண்டும் உண்மை. எந்த வருஷம் நமக்கு அவசரம் வருகிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு முதலாவது உண்மை கிடைக்கிறது, இன்னொருவருக்கு இரண்டாவது.

வெள்ளி இன்னும் மோசம். 1980ல் அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் அவுன்ஸ் 50 டாலர் வரை போய், மார்ச்சில் தலைகுப்புற விழுந்தது. அந்த 50ஐ வெள்ளி தாண்டியது 2025 அக்டோபரில்தான். நாற்பத்தைந்து வருஷம் யாரால் காத்திருக்க முடியும்?

வெள்ளி இப்படி ஏறியதற்கு ஒரு காரணம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. சோலார் பேனலின் மேலே மெல்லிய கோடுகள் ஓடுகிறதே, அது வெள்ளிப் பசையால் போட்டது. மின்சாரக் கார், எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றிலும் வெள்ளி. உலகத்தின் வெள்ளித் தேவையில் பாதிக்கு மேல் இப்போது தொழிற்சாலைக்குத்தான் போகிறது. ஆகவே பழைய உலோகம் ஒரு பக்கம், புதிய டெக்னாலஜி ஒரு பக்கம் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியவை.

2025 ஆரம்பத்தில் கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்த வெள்ளி, வருஷக் கடைசியில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. சேலத்துக் கொலுசுக்காரர்களுக்குக் கொண்டாட்டம் என்று வெளியூர் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அது அப்படி இல்லீங்க. பட்டறைக்கு வெள்ளி வருவது எடை போட்டு, திரும்பப் போவதும் எடை போட்டு. இரண்டுக்கும் நடுவில் தேய்ந்த தூளைக்கூடக் கூட்டி எடுத்து வைத்துவிடுவார்கள். கூலி மட்டும்தான் தொழிலாளிக்கு, அதுவும் கிலோவுக்கு இவ்வளவு என்று. வெள்ளி விலை ஏறினால் ஜனங்கள் கனமான கொலுசு கேட்பதில்லை, மெலிசாகக் கேட்கிறார்கள் அல்லது அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். கிலோ குறைந்தால் கூலி குறைந்தது. அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை என்று ஆனது இப்படித்தான். நாள் பூராவும் கையில் வெள்ளி புரள்கிறது, விலை ஏற்றத்தில் ஒரு பைசா அவருக்கு இல்லை. பணவீக்கத்துக்கு மருந்து என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அந்த மருந்தைச் செய்கிறவன் வீட்டு அடுப்பு அதனாலேயே அணைகிறது. இதை எந்தப் பொருளாதாரக் கட்டுரையிலும் நான் பார்க்கவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, தங்கம் வாங்குவதென்றால் எப்படி வாங்குவது? நகை என்பது வேறு, தங்கம் என்பது வேறு. நகைக்குச் செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. பத்து சதவீதம் சேதாரம் போன நகையை மறுநாளே விற்றால் அந்தப் பத்து போயே போச்சு. விலை அவ்வளவு ஏறிய பிறகுதான் நாம் சமநிலைக்கே வருகிறோம். போட்டுக்கொள்ள நகை வாங்குங்கள், அது சந்தோஷம், அதைக் குறை சொல்ல நான் யார்? சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு கல் வைத்த நகை வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மத்திய அரசு 2015 நவம்பரில் தங்கப் பத்திரம் கொண்டு வந்தது. முதல் வெளியீட்டில் கிராம் 2,684 ரூபாய். எட்டு வருஷம் கழித்து 2023 நவம்பரில் கிராமுக்கு 6,132 ரூபாய் கொடுத்தார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 11 சதவீதம். இது போக முதலீட்டுக்கு 2.75 சதவீத வட்டி தனி. சேதாரம் இல்லை, திருடன் பயம் இல்லை. நம் ஜனங்களுக்கு இவ்வளவு நல்ல திட்டம் வேறு வந்ததில்லை என்பேன். ஆனால் தங்கம் ஏற ஏற அரசுக்குச் சுமை ஏறியது. கடைசி வெளியீடு 2024 பிப்ரவரியோடு நின்றது. இப்போது இருப்பது பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க ஈ.டி.எஃப். நம் நாட்டில் 2007ல் வந்தது, சில நூறு ரூபாயிலேயே வாங்கலாம். செல்போனில் பத்து ரூபாய்க்குத் தங்கம் என்று வருகிறதே, அந்த 'டிஜிட்டல் கோல்டு' தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வராது என்று செபி 2025 நவம்பரில் வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. பேர் ஒன்று போலத் தோன்றினாலும் இரண்டும் ஒன்றல்ல.

டெக்னாலஜி உண்மையிலேயே ஏழையின் தங்கத்தைக் காப்பாற்றிய இடம் ஒன்று உண்டு, மெக்கானிக்கல்காரனாக எனக்குப் பிடித்த இடம். முன்பெல்லாம் உரைகல்லில் உரைத்துப் பார்த்து ஆசாரி சொன்னதுதான் தரம். இப்போது எக்ஸ்ரே கருவி. கதிர் பட்டவுடன் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடுகிறது. அதை அளந்தால் தங்கம் எத்தனை, செம்பு எத்தனை என்று சில நொடியில் தெரிகிறது. மேல்பரப்பை மட்டுமே பார்க்கும் என்பதால், சந்தேகம் வந்தால் துளி வெட்டி உருக்கிச் சோதிக்கிறார்கள். 2021 ஜூனில் ஹால்மார்க் பல மாவட்டங்களில் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி இல்லாமல் கடையில் நகை விற்கக் கூடாது. மிகச் சிறிய நகைகளுக்கு மட்டும் விலக்கு. 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அந்தக் குறியை அடித்தால் எந்த மையத்தில் சோதித்தது, என்ன தரம் என்று வந்துவிடும். வீட்டில் அடுத்த முறை நகைக்கடைக்குப் போனால் நீங்கள் கூடப் போங்கள், செல்போனை எடுத்து அடித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!

இனி கம்ப்யூட்டர் கம்பெனிகள். இன்ஃபோசிஸ் 1993ல் பங்கு வெளியிட்டபோது விலை 95 ரூபாய். வாங்க ஆள் போதவில்லை. அன்று 9,500 ரூபாய் போட்டு 100 பங்கு வாங்கி விற்காமல் வைத்திருந்தவருக்கு, போனஸ், பிரிப்பு எல்லாம் சேர்ந்து 2018 வாக்கில் 1,02,400 பங்குகள்! கோடிகளில் மதிப்பு. எந்தத் தங்கமும் இதைச் செய்யாது. டெக்னாலஜி பேச்சுக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை இதுதான்.

அவர்கள் சொல்லாத கதை சென்னையில் இருக்கிறது. பென்டாமீடியா கிராஃபிக்ஸ். 2000ல் அந்தப் பங்கின் பெயரைச் சொல்லாத புரோக்கர் இல்லை. கம்ப்யூட்டரிலேயே முழுநீள சிந்துபாத் படம் எடுத்த கம்பெனி. சந்தை சரிந்தபோது பங்கு மண்ணோடு மண்ணானது. ஐதராபாத் சத்யம் 2009 ஜனவரி 7 அன்று, கணக்கே பொய் என்று தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டது. 1999ல் நின்று பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி பளபளப்புதான். எது இன்ஃபோசிஸ், எது பென்டாமீடியா என்று அன்று தெரிந்தவர் எத்தனை பேர்? அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் 5,000ஐத் தாண்டி, 2002 அக்டோபரில் 1,100 அளவுக்கு விழுந்து, பழைய உச்சத்தை மீண்டும் தாண்ட 2015 ஆயிற்று. 2025 அக்டோபரில் என்விடியா என்ற ஒரே கம்பெனியின் மதிப்பு 5 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அது நிற்குமா என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அது இருக்கட்டும், விலைவாசி ஏறும்போது இந்தப் பங்குகள் கை கொடுக்குமா? அதற்கு 2022தான் பரீட்சை. அந்த ஜூனில் அமெரிக்காவில் பணவீக்கம் 9.1 சதவீதம், நாற்பது வருஷத்தில் இல்லாத அளவு. அந்த வருஷம் நாஸ்டாக் 33 சதவீதம் விழுந்தது. புதிய யுகத்துத் தங்கம் என்று சொல்லப்பட்ட பிட்காயின் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ரூபாயில் தங்கம் ஏறியது. ஏன் இப்படி? விலைவாசி ஏறினால் மத்திய பேங்குகள் வட்டியை ஏற்றும். டெக்னாலஜி கம்பெனியின் லாபம் பெரும்பாலும் இனிமேல் வரப்போகும் லாபம். பத்து வருஷம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு, வட்டி 4 சதவீதமாக இருந்தால் இன்றைய மதிப்பு 67 ரூபாய்க்கு மேல். வட்டி 8 ஆனால் 46 ரூபாய்தான். கம்பெனி அதே, மெஷின் அதே, வட்டி மட்டும் மாறி மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஆகவே இவை மழைக்குக் குடை அல்ல, விதை நெல். நல்ல வருஷங்களில் பல மடங்கு விளையும், அவசரத்துக்குப் பொங்கித் தின்ன முடியாது. விதைப்பதென்றாலும் ஒரே கம்பெனியில் போடாமல், பல கம்பெனிகளைச் சேர்த்து வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டில், பத்து வருஷம் தொடாத பணத்தை மட்டும் போட வேண்டும்.

தெருக்காரர் சொன்ன ஏஐ டிரேடிங் இதில் எதிலும் சேராது. மாதம் 10 சதவீதம் தருவார்களாம். கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டினேன். மாதம் 10 சதவீதம் கூட்டு வட்டியில் ஒரு லட்சம் ஐந்து வருஷத்தில் மூன்று கோடி, பத்து வருஷத்தில் 927 கோடி! அப்படி ஒரு மெஷின் கையில் இருந்தால் அவர் எதற்கு நம் சந்துக்கு வருகிறார்? தங்கத்தின் பேரிலும் இதே வித்தை நடந்தது. சென்னை ஆருத்ரா கோல்டு டிரேடிங் மேல் 2022ல் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது. மாதம் 25, 30 சதவீதம் என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் இரண்டாயிரம் கோடிக்கு மேல் வாங்கியதாகப் போலீஸ் சொன்னது. பேரில் தங்கம் இருந்தாலும் ஏஐ இருந்தாலும் வட்டியைப் பாருங்கள், அது போதும்.

எங்கள் செயினுக்கு வருகிறேன். "விக்கவே வேண்டாம், ஆனா அப்படியே அடகிலேயும் விட்டு வைக்க வேண்டாம்" என்றேன். அம்மாவுக்குப் புரியவில்லை. விலை ஏறிக்கொண்டிருக்கும்போது அடகில் இருந்தால் என்ன நஷ்டம் என்றார். அடகு நகை என்பது கடன் வாங்கித் தங்கம் வைத்திருப்பது போலத்தான். தங்கம் ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம், வட்டி மட்டும் தூங்காது. 2013 ஏப்ரலில் இரண்டே சந்தை நாட்களில் உலகச் சந்தையில் தங்கம் 13 சதவீதம் போல விழுந்தது. அந்த மாதிரி நாளில் தவணையும் வந்து, அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் வேலையாகவும் இருந்தால் செயின் ஏலத்துக்குப் போகும். நம் மாதிரி வீடுகளில் நகை போவது பெரும்பாலும் விலை ஏறியதாலோ இறங்கியதாலோ இல்லை, தவணைத் தேதியில் கையில் ரொக்கம் இல்லாததால்தான்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இட்லி வியாபாரத்தில் தினம் நூறு ரூபாய் தனி டப்பாவில். அது வட்டிக்கும் அசலுக்கும் மட்டும். மே மாதம் பரீட்சை முடிந்ததும் நான் அப்ரண்டிஸ் போகிறேன், சி.என்.சி. மெஷின் உள்ள கம்பெனியாகப் பார்த்து. அந்தப் பணத்தில் பாதி செயினுக்கு. செயின் வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதச் செலவுக்குப் பேங்கில் ரொக்கம். அதற்கப்புறம்தான் ஈ.டி.எஃப்., இண்டெக்ஸ் எல்லாம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த எக்ஸ்ரே மெஷின் என்ன வெலை இருக்கும்?" என்றார். லட்சக்கணக்கில் என்றேன். "அதை ஓட்டறவனுக்குச் சம்பளம் கிலோ கணக்கா, மாசக் கணக்கா?" என்றார். மாசக் கணக்கு என்றேன். "அதைக் கத்துக்க முடியுமான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினார்.